தரம் 6 தொடக்கம் 9 வரைக்கும் உலக வரலாறு படிப்பிக்க: காலிக் கல்லில இருந்து தொடங்குங்க

நான் வெள்ளவத்தையில வீட்டு முன் ஹோல்லயே சனிக்கிழமை வரலாறு வகுப்பு எடுக்கிறன், தரம் 6ல இருந்து 9 வரைக்கும், தமிழ் மீடியம் பிள்ளைகள். முதல் ரெண்டு வருஷம் எல்லாரும் செய்ற மாதிரித்தான் செய்தன், நோட்ஸ் சொல்லுறது, பிள்ளைகள் கொப்பியில எழுதுறது, அடுத்த கிழமை பாடமாக்கிட்டு வந்து ஒப்பிக்கிறது. ஒருநாள் ஒரு மகன் "மெசொப்பொத்தேமிய நாகரிகம் யூப்ரடீஸ் தைகிரிஸ் நதிகளுக்கு இடையில் தோன்றியது" என்டு ஒரு சொல்லும் பிசகாம சொன்னான், சரி அது இப்ப எந்த நாடு என்டு கேட்டன், தெரியாது. அவன்ட அப்பா குவைத்தில வேலை. குவைத்துக்கு பக்கத்து நாடு ஈராக், அப்பா வேலை செய்ற இடத்துக்கு கிட்டத்தான் அந்த ரெண்டு ஆறும் கடல்ல விழுகுது என்டு படத்தில காட்டினப்போ அவன் முகத்த பார்க்கணும். அதுக்குப் பிறகுதான் நான் படிப்பிக்கிற விதத்தையே மாத்தினன், இங்க எழுதுறது அந்த மாத்தத்தைத்தான்.

எல்லாத்துக்கும் முதல் ஒரு கேள்விய வகுப்புக்கு பழக்கிவிடுங்க: "இது எங்களுக்கு எப்பிடித் தெரியும்?" பிரமிட்ட யார் கட்டினது, சொக்கிரட்டீஸ் எப்பிடி செத்தார், எது சொன்னாலும் பிள்ளைகள் இந்தக் கேள்விய திருப்பிக் கேட்கிற அளவுக்கு பழக்கணும். நான் போர்ட்ல ஒரு மூலையில அத எப்பவும் எழுதி வைச்சிருக்கிறன், அழிக்கிறதே இல்ல. இந்த வயசு பிள்ளைகளுக்கு பெரிய ஆக்கள் சொல்லுறத சோதிச்சுப் பார்க்கிற ஆசை நல்லா இருக்கும், வீட்டில அத வாய்க்காட்டுறது என்டு சொல்லுவாங்க, வரலாறு வகுப்பில அதுதான் எங்களுக்கு வேணும்.

தொடக்கத்துக்கு ஆதி மனிதன் வேண்டாம், எகிப்தும் வேண்டாம். கொழும்பு நூதனசாலைக்கு கூட்டிட்டுப் போங்க, 1877ல திறந்த கட்டிடம், விகாரமகாதேவி பூங்காவுக்கு பக்கத்திலதான் இருக்கு, எங்கட பிள்ளைகளில கனபேர் பூங்காவுக்கு போயிருப்பாங்க உள்ளுக்கு போயிருக்க மாட்டாங்க. போனா முழு மியூசியமும் சுத்திக் காட்ட நினைக்காதீங்க, பிள்ளைகள் களைச்சு கடைசியில கன்டீன் எங்க என்டுதான் கேட்பாங்க. ஒரே ஒரு கல்லுக்கு முன்னால இருத்துங்க, காலியில கிடைச்ச மும்மொழிக் கல்வெட்டு. சீனம், தமிழ், பாரசீகம் மூண்டும் ஒரே கல்லில. மேல ரெண்டு டிராகன் செதுக்கியிருக்கு, அத பார்த்த உடன பிள்ளைகள் தரையில இருந்திருவாங்க.

முதல் 10 நிமிஷம் நீங்க ஒண்டும் சொல்ல வேண்டாம். பென்சிலும் ஒரு தாளும் குடுத்து பார்க்கிறத வரையச் சொல்லுங்க, எத்தின விதமான எழுத்து இருக்கு, எது நல்லா தெரியுது, எது அழிஞ்சு போயிருக்கு என்டு அவங்களே கண்டுபிடிக்கட்டும். தமிழ்ப் பகுதிய வாசிக்கப் பார்த்து கஷ்டப்படுவாங்க, ரெண்டு மூண்டு எழுத்து பிடிபடும்போது கத்துவாங்க, மியூசியம் ஆக்கள் ஒருக்கா முறைப்பாங்க, பரவாயில்ல. அதுக்குப் பிறகு கதைய சொல்லுங்க. 1409ம் ஆண்டு திகதி போட்ட கல். சீனாவில மிங் பேரரசர் யொங்லே அனுப்பின கப்பல் படையோட தளபதி செங் ஹே கொண்டு வந்தது. 1405க்கும் 1433க்கும் இடையில ஏழு தரம் அந்தப் படை இந்து சமுத்திரத்துக்கு வந்திச்சு. கல்லில சீனத்தில புத்தருக்கு காணிக்கை, தமிழில தெவிநுவரையில இருந்த தேனாவரை நாயனார் என்ட விஷ்ணுவுக்கு, பாரசீகத்தில இஸ்லாத்துக்கு. காணிக்கை என்ன என்டா 1000 பொன், 5000 வெள்ளி, 100 பட்டு, இன்னும் வாசனை எண்ணெய், விளக்கு என்டு பட்டியல் போகுது. பிறகு அந்தக் கல் எப்பிடியோ மறந்து போய், 1911ல காலியில ஒரு மதகுக்கு மேல மூடியா குப்புறப் போட்டிருந்த இடத்தில ஒரு என்ஜினியர் கண்டுபிடிச்சார். எங்கட வகுப்பில இந்து, முஸ்லிம், கிறிஸ்தவ பிள்ளைகள் எல்லாம் ஒண்டா இருக்கிறதால இந்தக் கல்லில ஆளுக்கு ஒரு பகுதி பிடிச்சுக்கொள்ளுவாங்க, அது தானா நடக்கும், நீங்க ஒண்டும் சேர்க்கத் தேவையில்ல.

கேள்விகள்தான் முக்கியம். சீனாக்காரன் ஏன் தமிழில எழுதினான்? ஏன் சிங்களத்தில எழுதேல்ல? பாரசீகம் ஏன்? துறைமுகத்துக்கு வாற வியாபாரிகள் என்ன மொழி கதைச்சிருப்பாங்க? நான் பதில சொல்லாம ஒரு கிழமை விட்டன், அடுத்த கிழமை ஒரு மகள் வந்து "மிஸ், பெட்டா கடையில அப்பா சிங்களம், தமிழ், இங்கிலிஷ் மூண்டிலயும் போர்ட் போட்டிருக்கிறார், வாறவங்கட பாஷையில போட்டாத்தான் வருவாங்க" என்டா. இதுக்கு மேல நான் என்ன விளங்கப்படுத்துறது. ஆனா அதோட விட்டுடாதீங்க, இதே செங் ஹேட படைதான் ரெண்டு வருஷத்துக்குள்ள இங்க சண்டை பிடிச்சு இலங்கை ஆட்சியாளர் ஒருவர பிடிச்சு 1411ல சீனாவுக்கு கொண்டு போனது என்டும் சொல்லுங்க. காணிக்கை குடுத்தவனே ஆள பிடிச்சுக் கொண்டு போறான். கல்லில ஒண்டு இருக்கு, நடந்தது இன்னொண்டும் இருக்கு, ரெண்டும் உண்மை. இந்த வயசில பிள்ளைக்கு இது தாங்கும், நாங்கதான் தாங்காது என்டு நினைச்சு இனிப்பு பூசுறம்.

அடுத்தது கயிறு. 5 மீற்றர் நைலோன் கயிறும் உடுப்பு காயப்போடுற கிளிப்பும் வாங்குங்க, சுவர்ல கட்டுங்க. ஒரு முனை கி.மு. 3000, மற்ற முனை கி.பி. 2000, ஒரு மீற்றர் 1000 வருஷம், ஒரு சென்ரிமீற்றர் 10 வருஷம். 12 வயசு பிள்ளைட முழு வாழ்க்கையும் கயித்தில ஒரு சென்ரிமீற்றருக்கு கொஞ்சம் கூட, அவ்வளவுதான், அத விரலால அளந்து காட்டுங்க. கீசாவில பெரிய பிரமிட் கி.மு. 2560 அளவில, தொடக்கத்தில இருந்து 44 சென்ரிமீற்றர்ல கிளிப் போடுங்க. எகிப்து அரசி கிளியோபாத்ரா செத்தது கி.மு. 30, அது 297ல வரும். மனிசன் சந்திரனுக்கு போனது 1969, அது கிட்டத்தட்ட 497. இப்ப பிள்ளைகள அளக்க விடுங்க, கிளியோபாத்ராவில இருந்து பிரமிட்டுக்கு இரண்டரை மீற்றர், சந்திரனுக்கு 2 மீற்றர், கிளியோபாத்ரா பிரமிட்ட விட எங்களுக்குத்தான் கிட்ட. ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒரு பிள்ளை அளவு பிழை என்டு திரும்பத் திரும்ப அளந்து பார்க்கும். கி.மு. என்டா எண் குறையக் குறைய காலம் முன்னுக்கு வருது என்டதும் கயித்திலதான் விளங்குது, போர்ட்ல எத்தின தரம் சொன்னாலும் விளங்குறதில்ல.

அதே கயித்தில இலங்கைக் கிளிப்புகள வேற கலர்ல போடுங்க. முதலாம் பராக்கிரமபாகு 1153ல இருந்து 1186 வரைக்கும் பொலன்னறுவையில, அவர் காலத்திலதான் 1163ல பாரிஸ்ல நோத்ர டாம் தேவாலயம் கட்டத் தொடங்கினது, அவர் செத்து அடுத்த வருஷம் சலாஹுதீன் ஜெருசலேம பிடிச்சார், கம்போடியாவில அங்கோர் வாட் அதே நூற்றாண்டு. இலங்கை வரலாறு ஒரு புத்தகம் உலக வரலாறு வேற புத்தகம் என்டு பிள்ளைகள் நினைக்கிறத இந்தக் கயிறு ரெண்டு பாடத்திலயே மாத்திரும்.

மெசொப்பொத்தேமியாவுக்கு களிமண் எடுங்க, கிடைக்காட்டி கோதுமை மா உப்பு தண்ணி போட்டுக் குழைங்க. ஐஸ்பழக் குச்சிட நுனிய சரிவா வெட்டினா ஆப்பெழுத்து, அதாவது அந்தக் காலத்தில களிமண்ணில அழுத்தி எழுதின ஆப்பு வடிவ எழுத்து, எழுதுற கருவி தயார். ஆனா சும்மா பேர எழுதி விளையாட விடாதீங்க, என்ன எழுதுறது என்டு ஒரு விஷயம் வேணும். நான் குடுக்கிறது நன்னி என்டவர் ஏயா நாசிர் என்ட செம்பு வியாபாரிக்கு எழுதின முறைப்பாட்டுக் கடிதம், கி.மு. 1750 அளவில, மெசொப்பொத்தேமியாவில "ஊர்" என்டே பேர் உள்ள பழைய நகரத்தில கிடைச்சது, இப்ப லண்டன்ல பிரிட்டிஷ் மியூசியத்தில இருக்கு. நல்ல செம்பு தாறன் என்டு சொல்லிட்டு தரம் குறைஞ்சத குடுத்தாய், நான் அனுப்பின ஆள அவமதிச்சு அனுப்பினாய், என்னைப் பார்த்தா உனக்கு எப்பிடித் தெரியுது என்டு பிடிச்சு ஏசியிருக்கிறார். பிள்ளைகள் சிரிச்சு முடிய, நீங்களும் ஏயா நாசிருக்கு ஒரு முறைப்பாடு எழுதுங்க என்டு சொல்லுங்க, ஒன்லைன்ல சப்பாத்து ஓடர் பண்ணி சைஸ் பிழையா வந்தத எல்லாம் எழுதுவாங்க. பிறகுதான் பாடம்: செம்பு அங்க விளையேல்ல, கடல் வழியா தில்முனுக்கு போய் வாங்கினது, தில்முன் என்டது இண்டைக்கு பஹ்ரைன் பக்கம். எழுத்து ஏன் வந்திச்சு என்டா முதல்ல கவிதை எழுத இல்ல, தானியம் எவ்வளவு, ஆடு எத்தின என்டு கணக்கு வைக்க. களிமண்ண கையில வைச்சிருக்கிற பிள்ளைக்கு இது ஒருக்கா சொன்னாப் போதும்.

அந்தக் களிமண் காயிற நேரத்தில ஹமுராபி நீதிமன்றத்த நடத்துங்க, ஹமுராபி என்டவர் தன்ட சட்டங்கள கல்லில வெட்டி வைச்ச பாபிலோன் அரசன். சட்டத்த முதல்ல சொல்ல வேண்டாம், வழக்க சொல்லுங்க. கட்டிடக்காரன் ஒழுங்கா கட்டாத வீடு விழுந்து வீட்டுக்காரன் செத்திட்டான், என்ன தண்டனை? மூண்டு பேர் நீதிபதி, மற்றவங்க ரெண்டு பக்கமும் பிரிஞ்சு வாதாடட்டும், எங்கட ரோட்ல நாலு பக்கமும் தொடர்மாடி வீடு கட்டுறதால வாதம் சூடா போகும். தீர்ப்பு வந்த பிறகு கல்லில என்ன இருக்கு என்டு வாசிங்க: கட்டினவனுக்கு மரணம். அடுத்த வழக்கு கண்ணுக்கு கண். பெரிய மனிசன்ட கண்ண குத்தினா குத்தினவன்ட கண் போகும், ஆனா சாதாரண ஆள்ட கண் என்டா ஒரு மினா (அந்தக் கால நிறை அளவு) வெள்ளி குடுத்தாச் சரி, அடிமை என்டா விலையில பாதி. இந்த இடத்தில ஒரு நிமிஷம் பேசாம நில்லுங்க. எல்லாருக்கும் ஒரே சட்டம் என்டுதான் பாடப்புத்தகத்த வாசிச்சு நினைச்சிருந்தவங்க, தாங்களா கண்டுபிடிப்பாங்க.

எகிப்துக்கு பிரமிட் மொடல் செய்ய பிரிஸ்டல் போர்ட் வெட்டுறதில ஒரு முழுப் பாடத்த செலவழிக்காதீங்க, அதில பிள்ளை படிக்கிறது பசை பூசத்தான். அதுக்குப் பதிலா வேலைநிறுத்தத்த படிப்பிங்க. மூன்றாம் ராம்செஸ் காலத்தில, கி.மு. 1157 அளவில, அரச கல்லறைகள் வெட்டி சித்திரம் கீறின தொழிலாளிகள் சம்பளமா வர வேண்டிய தானியம் 18 நாள் பிந்தினதால வேலைய போட்டுட்டு போய் ஒரு கோயிலுக்கு பின்னால இருந்திட்டாங்க, எங்களுக்கு பசிக்குது என்டு. அத எழுதி வைச்ச பாப்பிரஸ், அதாவது நாணல் தாள், இத்தாலியில தூரின் நூதனசாலையில இருக்கு. ட்ரெயின் ஸ்ட்ரைக், டீச்சர்மார் ஸ்ட்ரைக் எல்லாம் பார்த்து வளருற பிள்ளைகளுக்கு இத விளங்கப்படுத்தத் தேவையே இல்ல. எகிப்தில எல்லாத்தையும் சவுக்கடி வாங்கின அடிமைகள்தான் கட்டினது என்ட படத்தையும் இது மெல்ல கழட்டி விடும்.

கிரேக்கத்துக்கு ஒரு எச்சரிக்கை. ஏதென்ஸ்ல ஒரு ஆள் அளவுக்கு மிஞ்சி வளர்ந்திட்டார் என்டு மக்கள் நினைச்சா உடைஞ்ச சட்டித் துண்டில அவர் பேர கீறிப் போடுவாங்க, 6000 ஓடு சேர்ந்தா 10 வருஷம் நாட்ட விட்டு வெளிய. நல்ல விளையாட்டு என்டு நினைச்சு நான் ஒருக்கா வகுப்புப் பிள்ளைகள்ட பேரையே எழுத விட்டன். ஒரு பிள்ளைக்கு 14 ஓடு விழுந்திச்சு. அது அழேல்ல, பேசாம பேக்க எடுத்துக்கொண்டு இருந்திச்சு, அடுத்த ரெண்டு கிழமை வரேல்ல. நான் வீட்டுக்கு போய் அம்மாவிட்டயும் பிள்ளையிட்டயும் மன்னிப்பு கேட்டுத்தான் திரும்பக் கூட்டிட்டு வந்தன். தயவுசெய்து அந்தப் பிழைய நீங்க செய்யாதீங்க, அந்தக் கால ஏதென்ஸ் தலைவர்கள் அரிஸ்டைடீஸ், தெமிஸ்டொக்ளீஸ் என்டு ரெண்டு பாத்திரம் வைச்சு அவங்கட பேர மட்டும் எழுத விடுங்க. எழுத்து தெரியாத ஒரு ஆள் அரிஸ்டைடீஸ்ட்டயே வந்து ஓட்டில அரிஸ்டைடீஸ் என்டு எழுதித் தாங்க என்டு கேட்டதும், ஏன் என்டு கேட்க "அவர நீதிமான் நீதிமான் என்டு சொல்லிக் கேட்டு அலுத்துப்போச்சு" என்டு சொன்னதும், அவர் பேசாம எழுதிக் குடுத்ததும் சொல்லுங்க. பிறகு கேளுங்க, எப்பிடித் தெரியும்? எழுதினவர் புளூட்டாக் என்ட கிரேக்க எழுத்தாளர், அது நடந்து ஏறக்குறைய 600 வருஷம் கழிச்சு. அப்ப எவ்வளவு நம்பலாம்? அதே நேரம் பேர் கீறின ஓடுகள் ஆயிரக்கணக்கில மண்ணுக்குள்ள கிடைச்சிருக்கு, அத நம்பலாம். கதைக்கும் ஓட்டுக்கும் உள்ள வித்தியாசம் அப்பதான் பிடிபடும்.

ரோமாபுரி அரசர் பட்டியல் எல்லாம் தேவையில்ல, முதல் பேரரசர் ஒகஸ்டஸ், 476ல மேற்கு ரோம் விழுந்தது, 1453ல கிழக்கு ரோம்ட தலைநகர் கொன்ஸ்தாந்திநோபிள் விழுந்தது, மூண்டு கிளிப் போதும். நேரம் இருந்தா ஒரு சின்ன நாடகம் போடுங்க. ஆறாம் நூற்றாண்டில கொஸ்மஸ் என்ட கிரேக்க வியாபாரி எழுதின கதை: இலங்கை அரசன்ட சபையில ரோம வியாபாரி சொபாத்ரோசும் ஒரு பாரசீகனும் என்ர அரசன்தான் பெரியவன் என்டு போட்டி, சொபாத்ரோஸ் ரெண்டு பேர்ட காசையும் வைச்சுப் பாருங்க என்டான், ரோமன்ட தங்கம், பாரசீகன்ட வெள்ளி, ரோமன் வென்றான். நடிச்சு முடிய பாரசீக வேஷம் போட்ட பிள்ளையிட்ட, நீ ஊருக்கு போய் இந்தக் கதைய எப்பிடி எழுதுவாய் என்டு கேளுங்க. எனக்கு கிடைச்ச மிக நல்ல விடைத்தாள்கள் இந்தக் கேள்விக்கு வந்ததுதான்.

மத்திய காலத்துக்கு கொழும்புப் பிள்ளைகளுக்கு இப்னு பதூதா என்ட பயணிய விட நல்ல வழிகாட்டி இல்ல. 1325ல மொரோக்கோவில இருந்து 21 வயசில வெளிக்கிட்டவர், 1344ல மாலைதீவில இருந்து புத்தளம் பக்கம் வந்து யாழ்ப்பாண அரசன் ஆரியச்சக்கரவர்த்திய சந்திச்சு முத்து பார்த்து, சிவனொளிபாதமலை ஏறி, திரும்பி வாற வழியில கலன்பு என்ட பட்டினத்துக்கு வாறார், செரண்டீப்பில (அரபுக்காரர் இலங்கைக்கு சொன்ன பேர்) நல்ல பெரிய பட்டினங்களில ஒண்டு என்டு எழுதுறார், அங்க ஜாலஸ்தி என்ட கடல் தலைவன் இருந்தான், அவனோட 500 அபிசீனியர் இருந்தாங்க என்டும் சொல்லுறார். கலன்பு எது என்டு பிள்ளைகளிட்டயே கேளுங்க. அபிசீனியா என்டா எத்தியோப்பியா, எத்தியோப்பியா ஆக்கள் கொழும்பில என்ன செய்தாங்க என்டு அடுத்த கேள்வி வரும், அதில இருந்து அரபுக்கடல் வியாபாரம் முழுக்க படிப்பிக்கலாம். உலகப் படத்தில மொரோக்கோவில இருந்து கொழும்பு வரைக்கும் நூல் ஓட்டுங்க, போற வழியில கெய்ரோ, மக்கா, டெல்லி எல்லாம் தானா வரும், 1324ல மாலி அரசன் மன்சா மூசா தங்கத்தோட கெய்ரோவுக்கு வந்ததும், 1258ல மொங்கோலியர் பக்தாத்த அழிச்சதும் அந்த நூலிலயே கோர்க்கலாம். இதெல்லாம் இப்னு பதூதா பயணம் முடிஞ்சு ஊருக்கு திரும்பின பிறகு ஞாபகத்தில இருந்து சொல்ல இன்னொரு ஆள் எழுதினது என்டத மறக்காம சொல்லுங்க.

கறுப்புச் சாவு 1347ல கப்பல்ல இத்தாலிப் பக்கம் மெசினா துறைமுகத்துக்கு வந்த கொள்ளைநோய்க் கதைக்கு கொரோனா கால ஞாபகம் உள்ள பிள்ளைகளிட்ட முதல்ல அவங்கட கதைய கேளுங்க, சின்ன வயசில ஊரடங்கில வீட்டுக்குள்ள இருந்தது கொஞ்சப் பேருக்கு ஞாபகம் இருக்கும். குவாரண்டைன் என்ட சொல்லே வெனிஸ்காரர்ட 40 நாளில இருந்து வந்தது. ஐரோப்பிய நிலமானிய முறைக்கு எங்கட அரசர் கால ராஜகாரியத்த பக்கத்தில வைச்சா 20 நிமிஷத்தில முடியும், நிலத்துக்கு பதிலா வேலை, வேற பெருசா இழுக்க வேண்டாம்.

சோழர் பாடம் வந்தா கவனம். 993 அளவில ராஜராஜன் படை அனுராதபுரத்த பிடிச்சது, 1070ல முதலாம் விஜயபாகு சோழர வெளியேத்தினது, இத தமிழ்ப் பிள்ளைகளுக்கு படிப்பிக்கேக்க "நாங்க வென்றம்", "நாங்க தோத்தம்" என்டு வகுப்பில வரும். என்ர வகுப்பில ஒரு சட்டம் இருக்கு, செத்துப் போன அரசனுக்கு "நாங்க" என்ட சொல்ல பாவிக்கக் கூடாது, சோழர் என்டு சொல்லணும், விஜயபாகு என்டு சொல்லணும். அங்க வயல் கொத்தினவனுக்கு என்ன நடந்தது என்டு நான் கேட்பன். சிலுவைப் போருக்கும் இதே சட்டம்தான். பெற்றோரில ஒருவர் ரெண்டு பேர் இதுக்கு என்னோட கோபப்பட்டாங்க, நான் மாத்தேல்ல, மாத்தப் போறதும் இல்ல.

தவணைப் பரீட்சைக்கு என்ன செய்றது என்டு எல்லாரும் கேட்பாங்க, நியாயமான கேள்வி. ஒரு தவணைக்கு 12 ஆண்டுக்கு மேல பாடமாக்க விடாதீங்க, கயித்தில இருக்கிற கிளிப்புகள கழட்டி பெட்டிக்குள்ள போட்டு திரும்ப சரியான இடத்தில மாட்டச் சொல்லுங்க, அதுதான் ரிவிஷன். வகுப்பு தொடங்கின உடன 2 நிமிஷத்தில பார்க்காம இந்து சமுத்திரத்த கீறணும், ஆபிரிக்கா, அரேபியா, இந்தியா, இலங்கை, மலாக்கா, வடிவா இருக்கத் தேவையில்ல, இடம் சரியா இருந்தாக் காணும், ஒரு வருஷம் செய்தா படத்தில குறிக்கிற கேள்விக்கு பயமே இருக்காது. விடை எழுதேக்க ஒவ்வொரு விடையிலயும் ஒரு இடம், ஒரு காலம், ஒரு சான்று இருக்கோ என்டு பென்சிலால கீறிப் பார்க்கப் பழக்குங்க. பாடப்புத்தகத்தில பேர் ஒரு மாதிரி, பாஸ்ட் பேப்பர்ல இன்னொரு மாதிரி எழுதியிருக்கும், புத்தகத்தில இருக்கிறதையே எழுதச் சொல்லுங்க. நீளமான பேர எல்லாரும் சத்தமா பிரிச்சு மூண்டு தரம் சொல்லணும், மெசொ என்டா நடு, பொத்தமொஸ் என்டா ஆறு, ஆறுகளுக்கு நடுவில. அந்தக் குவைத் அப்பாட மகன் இப்ப தரம் 9, புதுசா வாற தரம் 6 பிள்ளைகளுக்கு படத்தில அந்த ரெண்டு ஆறையும் காட்டுற வேலைய அவனிட்டத்தான் குடுத்திருக்கிறன்.